சோட்டோவின் .263, ஐந்து பேருக்கு டிக்கெட், மாமனாருக்குத் தயிர் சாதம்

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் நியூ ஜெர்ஸி எடிசனில் இருக்கிறோம். பதினொரு வயது மகன் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணிப் பைத்தியம், அவனுக்கு அதன் பேட்டர் ஹுவான் சோட்டோதான் எல்லாம். ஆபீஸில் என்னுடன் வேலை பார்ப்பவர், "2025-ல் .263 அடித்தவனுக்கு 765 மில்லியன் டாலரா?" என்று கிண்டல் செய்கிறார். எனக்குக் கிரிக்கெட் தெரியும், பேஸ்பால் மகன் மூலமாகத்தான் பழக்கம், அதனால் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு பேட்டர் நல்லவரா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? இன்னொன்று, போன கோடையில் ஒரு பெரிய மைதானத்துக்குக் காரில் போனோம், நாலு பேருக்கு 400 டாலர் தாண்டிவிட்டது. இனிமேல் டி.வி.யில் பார்த்தால் போதும் என்கிறார் என் கணவர். இந்தக் கோடையில் மாமனார் தஞ்சாவூரிலிருந்து வருகிறார், அவருக்கும் ஒரு ஆட்டம் காட்ட ஆசை. சின்னவளுக்கு ஏழு வயது. மாமனார் சைவம். கட்டுப்படியாகிற மாதிரி ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: உங்கள் ஆபீஸ்காரர் சொன்ன எண் சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு. நான் ஒரு சிறிய அணியின் டிக்கெட் கவுன்டரில் ஆரம்பித்து இப்போது ஆட்டத் தரவுகளைப் பார்க்கும் வேலைக்கு வந்திருப்பவன், அதனால் உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சோட்டோ.

கிரிக்கெட்டில் சராசரி என்றால் ஒரு அவுட்டுக்கு எத்தனை ரன் என்பது. இங்கே பேட்டிங் சராசரிக்கும் ரன்னுக்கும் சம்பந்தமே இல்லை. ஹிட்டை (பந்தை அடித்து அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேர்வதை) வாய்ப்புகளால் வகுப்பது, .263 என்றால் ஆயிரத்துக்கு 263 ஹிட், அவ்வளவுதான். ஆனால் எந்த வாய்ப்புகளால் வகுக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். பிட்சர், அதாவது பந்து போடுபவர், ஸ்ட்ரைக் ஸோனுக்கு (நல்ல பந்து வர வேண்டிய கற்பனைக் கட்டத்துக்கு) வெளியே நாலு பந்து போட்டு, பேட்டர் ஆசைப்படாமல் அவற்றை விட்டுவிட்டால் அவர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம், அதுதான் வாக். அந்த வாக் சராசரியின் மேலேயும் வராது, கீழேயும் வராது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது போல கணக்கிலிருந்தே துடைத்துவிடுவார்கள். சோட்டோ 2025-ல் 127 முறை இப்படி நடந்து போனார். உங்கள் ஆபீஸ்காரர் சொல்லும் .263-க்குள் இந்த 127-ல் ஒன்றுகூட இல்லை.

இதையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் ஆன்-பேஸ் விகிதம். சோட்டோவுக்கு அது .396, அந்த வருஷம் நேஷனல் லீகிலேயே (பெரிய லீகின் இரண்டு பாதிகளில் ஒன்று, மற்றது அமெரிக்கன் லீக்) அதுதான் அதிகம். நூறு முறை பேட்டைத் தூக்கிக்கொண்டு போனால் நாற்பது முறை அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேர்கிறார் என்று அர்த்தம். பேஸ்பாலில் ஓவர் கணக்கு கிடையாது, பந்துகளுக்கு எல்லை கிடையாது, இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஒன்பது இன்னிங்ஸுக்கு 27 அவுட், அதை மட்டும்தான் ஒரு அணி செலவு செய்ய முடியும். அவுட் ஆகாமல் இருப்பவர்தான் அந்தக் கையிருப்பைக் காப்பாற்றுகிறவர். அதே 2025-ல் நேஷனல் லீகில் போதுமான அளவு ஆடித் தகுதி பெற்ற பேட்டர்களில் .300-ஐத் தாண்டியவர் ஒரே ஒருவர், பிலடெல்பியாவின் ட்ரே டர்னர், .304. சராசரிப் பட்டம் அவருக்குத்தான். அவருடைய ஆன்-பேஸ் .355. சோட்டோவை விட நூறுக்கு நாலு முறை குறைவு.

இந்த விஷயம் மனசில் பதிய எனக்குப் பிடித்த ஜோடி ஒன்று இருக்கிறது, அதை மகனிடம் ஒரு புதிராகவே போட்டுப் பாருங்கள். லூயிஸ் அராயிஸ், 2024: சராசரி .314, நேஷனல் லீகின் சராசரிப் பட்டம். அதற்கு முன் 2022-ல் மினசோட்டாவிலும் 2023-ல் மயாமியிலும் அதே பட்டம், ஆக மூன்று வருஷம், மூன்று அணி, மூன்று பட்டம். அந்த 2024-ல் சரியாக 200 ஹிட், சீசன் முழுக்க 29 ஸ்ட்ரைக்-அவுட் (பந்தைத் தவறவிட்டோ, நல்ல பந்தை அடிக்காமல் விட்டோ மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆவது). பந்தைத் தொடாமல் போவதே அரிது, பார்க்கவும் அழகு. இன்னொருவர் கைல் ஷ்வார்பர், 2023: சராசரி .197. ஆமாம், இருநூறுக்கும் கீழே. 215 ஸ்ட்ரைக்-அவுட். இவரைப் போய் முதல் ஆளாக இறக்குகிறார்களே என்று பிலடெல்பியாவில் புலம்பாத டீக்கடை கிடையாது (டீக்கடை என்று சும்மா சொன்னேன், அங்கே அது பார்).

இப்போது இருவரின் ஆன்-பேஸைப் பாருங்கள். அராயிஸ் .346. ஷ்வார்பர் .343. வித்தியாசம் ஆயிரம் முறைக்கு மூன்று! சராசரியில் 117 புள்ளி பின்தங்கியவர், அவுட் ஆகாமல் இருப்பதில் கிட்டத்தட்ட சமம், காரணம் ஷ்வார்பர் வாக் வாங்கியது 126 முறை, அராயிஸ் 24 முறை. அப்புறம் இன்னொரு பக்கம் இருக்கிறது. அராயிஸின் 200 ஹிட்டில் ஹோம் ரன் (ஒரே அடியில் நாலு பேஸும் சுற்றிவருவது) நான்கு. ஷ்வார்பரின் 115 ஹிட்டில் ஹோம் ரன் 47. ஒரு ஹிட்டுக்கு எத்தனை பேஸ் கிடைத்தது என்று எண்ணி வாய்ப்புகளால் வகுத்தால் வருவது ஸ்லக்கிங்: அராயிஸுக்கு .392, ஷ்வார்பருக்கு .474. அராயிஸ் 200 ஹிட்டில் மொத்தம் 250 பேஸ் எடுத்தார், ஷ்வார்பர் 115 ஹிட்டிலேயே 277 எடுத்துவிட்டார், அதுவும் குறைவான வாய்ப்புகளில்.

ஆக .197 அடித்தவர்தான் அந்த இரண்டு சீசன்களில் அணிக்கு அதிகம் உதவிய பேட்டர். சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது. ஆட்டத்தைப் பார்க்க எனக்கு அராயிஸ்தான் பிடிக்கும், காசு கொடுத்து அணியில் எடுக்கச் சொன்னால் ஷ்வார்பரைத்தான் எடுப்பேன். ரசனைக்கும் மதிப்பீட்டுக்கும் நடுவில் இந்த இடைவெளி இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

ஆன்-பேஸையும் ஸ்லக்கிங்கையும் கூட்டினால் ஓ.பி.எஸ். 2024-ல் இரண்டு லீகும் சேர்ந்த மொத்த ஓ.பி.எஸ். .711. அராயிஸ் அந்த வருஷம் .739, அதாவது சராசரிக்குக் கொஞ்சம் மேலே. ஷ்வார்பர் 2023-ல் .817. .800 தாண்டினால் நல்ல பேட்டர், .900 தாண்டினால் ஆல்-ஸ்டார் ரகம், 1.000 என்றால் எதிரணி மேனேஜருக்குத் தூக்கம் கெடும். ஸ்கோர்போர்டிலேயே போடுவார்கள், மனக்கணக்கு வேண்டாம். இதில் ஒரு குறை உண்டு: ஆன்-பேஸுக்கும் ஸ்லக்கிங்குக்கும் சமமான எடை கொடுக்கிறது, உண்மையில் ஆன்-பேஸின் ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பு அதிகம். அதைச் சரிசெய்து ஒவ்வொன்றுக்கும் ரன் கணக்கில் விலை போட்டுவிட்டார்கள். ஒரு வாக் சுமார் 0.3 ரன், சிங்கிள் (ஒரு பேஸ் மட்டும் கிடைக்கும் ஹிட்) அரை ரன்னுக்குக் கொஞ்சம் குறைவு, ஹோம் ரன் சுமார் 1.4 ரன். இவற்றைக் கூட்டி, மைதானத்தையும் காலத்தையும் கழித்து, லீக் சராசரியை 100 என்று வைத்து வருவது டபிள்யூ.ஆர்.சி. பிளஸ் (wRC+). 120 என்றால் சராசரி பேட்டரை விட 20 சதவீதம் அதிகம் ரன் உண்டாக்குகிறார். ஒரே ஒரு எண்ணைத்தான் பார்ப்பேன் என்றால் இதைப் பாருங்கள். எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று மகன் கேட்டால் அன்று ராத்திரி சாப்பாடு தாமதமாகும், எச்சரித்துவிட்டேன்.

மைதானத்தைக் கழிப்பது ஏன் என்றால், டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது, காற்று லேசு, பந்து தூரம் போகும், பிட்சரின் பந்து சரியாக வளையாது. அங்கே அடித்த .300-ம் வேறு ஊரில் அடித்த .300-ம் ஒன்றல்ல. அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம், உங்கள் ஊர்ப் பக்கமே பாருங்கள்: யாங்கீ ஸ்டேடியத்தில் வலது மூலைக் கம்பம் 314 அடிதான், மெட்ஸின் சிட்டி ஃபீல்டில் அது 330 அடி. சோட்டோ இடது கை பேட்டர், அப்படிப்பட்டவர்களுக்கு வலது பக்கம்தான் இயல்பான திசை, 2024-ல் யாங்கீஸில் 41 ஹோம் ரன் அடித்துவிட்டு, 2025-ல் அந்தப் பெரிய மைதானத்துக்கு மாறி 43 அடித்தார். ஆபீஸ்காரருக்கு இதையும் சொல்லிவையுங்கள். காலத்தைக் கழிப்பதும் அப்படித்தான். 1968-ல் அமெரிக்கன் லீக் சராசரிப் பட்டத்தைக் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி வெறும் .301-ல் வாங்கினார், பிட்சர்கள் அந்த அளவுக்கு ஆடிய வருஷம் அது. அடுத்த வருஷமே பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். இன்றைக்கும் பந்து வேகமாக வருகிறது, 2024-ல் லீக் முழுவதும் சேர்த்தே .243தான் அடித்தார்கள். அந்த வெளிச்சத்தில் .263 அவ்வளவு அசிங்கமான எண்ணே இல்லை.

ஆர்.பி.ஐ. என்று ஒரு எண் டி.வி.யில் பெரிதாக வரும், தன் அடியால் எத்தனை ரன் வரவைத்தார் என்பது. அதை நம்பி ஏமாறாதீர்கள். 1990-ல் சான் டியேகோவின் ஜோ கார்ட்டர் 115 ஆர்.பி.ஐ. எடுத்தார், கேட்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் சராசரி .232, ஆன்-பேஸ் .290. அவர் வரும்போதெல்லாம் முன்னால் யாராவது பேஸில் நின்றுகொண்டிருந்தார்கள், அதுதான் விஷயம்.

இன்னும் ஒன்று. "இந்த வாரம் 25-க்கு நாலு, ஆள் காலி" என்று மகன் அழுதால் நம்பாதீர்கள். .270 அடிக்கக்கூடிய ஒரு பேட்டர் 25 வாய்ப்புகளில் .180-ம் அடிக்கலாம், .360-ம் அடிக்கலாம், வெறும் அதிர்ஷ்டத்தில். .263-க்கும் .300-க்கும் உள்ள வித்தியாசமே ஒரு முழு சீசனில் சுமார் 21 ஹிட்தான். சீசன் 26 வாரம். வாரத்துக்கு ஒரு ஹிட் கூட இல்லை! கண்ணால் பார்த்து யாராலும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் குறுகிய காலத்தில் நான் பார்ப்பது பந்து பேட்டிலிருந்து கிளம்பும் வேகம். 2015-லிருந்து எல்லாப் பெரிய மைதானங்களிலும் அளக்கிறார்கள், ஸ்கோர்போர்டிலும் வரும். மணிக்கு 95 மைல், அதாவது சுமார் 153 கிலோமீட்டர், அதற்கு மேல் என்றால் பலமான அடி. நேராக ஒருவர் கைக்குப் போய் அவுட் ஆனாலும் அவர் நன்றாகத்தான் ஆடுகிறார். மூன்று முறை 100 மைலில் அடித்து மூன்று முறையும் அவுட் ஆனவரைப் பற்றிக் கவலை வேண்டாம். 70 மைலில் நொண்டி நொண்டி விழுந்த இரண்டு ஹிட்டைப் பார்த்துக் கொண்டாடவும் வேண்டாம்.

சரி, 765 மில்லியன் தகுமா? சோட்டோ நல்ல பேட்டரா என்பது ஒரு கேள்வி, 15 வருஷ ஒப்பந்தம் புத்திசாலித்தனமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆமாம், சந்தேகமே இல்லை. இரண்டாவது 2039 வரை ஓடும், அப்போது அவருக்கு 40 வயது, கடைசி சில வருஷங்களில் மெட்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சம்பளம் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். 2025-ல் அவரை வைத்துக்கொண்டும் அணி ப்ளே-ஆஃபுக்குப் போகவில்லை, ஆபீஸ்காரரின் எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. அதற்கு ஒரு பேட்டரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு இன்னிங்ஸுக்கு ஒரு முறை வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைக்க அவர் என்ன குலதெய்வமா?

அவர் நல்ல பேட்டர் என்பதை எண்ணே இல்லாமல் பார்க்கவும் வழி இருக்கிறது, அதற்குத்தான் மைதானத்துக்குப் போக வேண்டும். சோட்டோ அடிக்கும்போது பார்ப்பதை விட, அடிக்காமல் விடும்போது பாருங்கள். பந்து ஸோனுக்கு ஒரு விரல் வெளியே போகும், பேட் அசையாது. முழங்காலை மடக்கித் தாழ்ந்து, கால்களை மண்ணில் தேய்த்து ஒரு பக்கமாகச் சறுக்கி, பிட்சரை நேருக்கு நேர் ஒரு முறை முறைத்துப் பார்ப்பார். அதற்கு சோட்டோ ஷஃபிள் என்றே பெயர், உங்கள் சின்னவள் வீட்டுக்கு வந்து அதைத்தான் செய்து காட்டுவாள். இப்படி விட்டுக்கொண்டே போனால் பிட்சர் ஸோனுக்குள் போட்டே ஆக வேண்டும். மூன்று பால் (ஸோனுக்கு வெளியே போய், பேட்டர் விட்டுவிட்ட பந்து), ஒரு ஸ்ட்ரைக் என்று எண்ணிக்கை வந்துவிட்டால் பேட்டர்தான் ராஜா, இரண்டு ஸ்ட்ரைக் விழுந்து பால் ஒன்றும் இல்லையென்றால் பிட்சர் ராஜா. ஒரு நல்ல பேட்டர் முதல் வகை எண்ணிக்கைக்குத் தன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொள்வார். 2026-லிருந்து பெரிய லீகிலும் அம்பயர் சொன்னதை எதிர்த்து பேட்டர் தன் ஹெல்மெட்டைத் தட்டி இயந்திரத்திடம் முறையிடலாம், அணிக்கு இரண்டு தப்பு வரைதான் அனுமதி. யார் தட்டுகிறார், எத்தனை முறை சரியாகத் தட்டுகிறார் என்று கவனித்தாலே யாருக்குக் கண் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் பார்க்க எந்த இருக்கை என்று கேட்டால், நல்ல செய்தி: மலிவானதுதான். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால், மேல் அடுக்கு. பந்து உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று அங்கிருந்துதான் தெரியும், ஃபீல்டர்கள் எங்கே நகர்ந்து நிற்கிறார்கள் என்பதும் ஒரே பார்வையில் தெரியும். கீழ் அடுக்கில் அவுட்ஃபீல்ட் பக்கம் அதை விட அதிகம் கொடுத்து உட்கார்ந்தால் பேட்டர் கட்டைவிரல் அளவுதான் தெரிவார். போன கோடையில் நீங்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், எல்லாரும் முதல் முறை அதைத்தான் செய்வார்கள். பகல் ஆட்டம் என்றால் மூன்றாம் பேஸ் பக்கம் எடுங்கள், பெரும்பாலான மைதானங்களில் அங்கேதான் நிழல் முதலில் வரும். பேட்டர் கண்ணில் வெயில் படாமல் இருக்க மைதானத்தைக் கிழக்கு-வடகிழக்கு நோக்கி அமைப்பது வழக்கம், அதன் பலன் இது. பெரியவர் கூட வருகிறார், மேல் அடுக்கின் படிகள் செங்குத்து, அதனால் முதல் சில வரிசைகளாகப் பார்த்து வாங்குங்கள், லிஃப்ட் எந்தப் பக்கம் என்று முன்னாலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 400 டாலர் எங்கே போனது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் கவுன்டரில் உட்கார்ந்தவன், சொல்லிவிடுவேன்: சனிக்கிழமை, பொம்மை கொடுக்கும் நாள் அல்லது பெரிய எதிரணி, கார் பார்க்கிங், உள்ளே சாப்பாடு. டிக்கெட் விலை இப்போது விமான டிக்கெட் போலத்தான், தேவையைப் பார்த்து ஏறி இறங்கும். சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் 2009-ல் ஒரு பகுதி இருக்கைகளுக்கு ஆரம்பித்துவைத்தார்கள், பிறகு ஊரெல்லாம் பரவிவிட்டது. யாங்கீஸ்-மெட்ஸ் மோதல், பாஸ்டன், நட்சத்திர வீரர் ஓடானி வருகிற டாட்ஜர்ஸ், இவற்றைத் தொடவே தொடாதீர்கள். செவ்வாய் அல்லது புதன் இரவு, கூட்டம் இழுக்காத அணி, அதுதான் உங்கள் நாள். சோட்டோ எந்த அணிக்கு எதிராக ஆடினாலும் சோட்டோதான். மறுவிற்பனைத் தளங்களில் அப்படிப்பட்ட ஆட்டங்களின் விலை கடைசி நாளில் இறங்குவதைப் பார்க்கலாம், ஆனால் ஐந்து இருக்கை ஒன்றாக வேண்டும் என்றால் கடைசி நிமிடம் வரை சூதாட வேண்டாம். கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று 2025 மே மாதத்திலிருந்து மத்திய அரசின் விதி இருக்கிறது, அதனால் இப்போது இரண்டு தளங்களை ஒப்பிடுவது முன்பை விடச் சுலபம். மழை வந்து ஆட்டம் தள்ளிப்போனால் டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும், பணம் பெரும்பாலும் திரும்பாது. மாமனார் ஊருக்குத் திரும்பும் வாரத்தில் வாங்கிவைத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

காரை எடிசன் ஸ்டேஷனிலேயே விட்டுவிடுங்கள். மேல் அடுக்கு டிக்கெட்டை விடப் பார்க்கிங் அதிகமாகிற நாட்கள் உண்டு. நியூ ஜெர்ஸி டிரான்சிட் ரயிலில் மன்ஹாட்டனின் பென் ஸ்டேஷன், அங்கிருந்து டைம்ஸ் ஸ்கொயர் போய் சிட்டி ஃபீல்டுக்கு 7-ம் எண் சப்வே, அல்லது பென் ஸ்டேஷனிலிருந்தே லாங் ஐலண்ட் ரயில். சப்வே மலிவு, ரயில் சீக்கிரம். வெள்ளி இரவு ஏழு மணியிலிருந்து திங்கள் அதிகாலை வரை, டிக்கெட் வாங்கிய ஒரு பெரியவருடன் 11 வயது வரையுள்ள இரண்டு குழந்தைகள் நியூ ஜெர்ஸி டிரான்சிட்டில் இலவசம், உங்கள் மகனுக்கு இது கடைசி வருஷம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். அப்படியானால் வார இறுதியா வார நாளா என்று கேட்பீர்கள். டிக்கெட் விலையையும் ரயில் செலவையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வார நாள்தான் ஜெயிக்கும், ஞாயிறு எப்போதாவது ஜெயிக்கும்.

சாப்பாடு விஷயத்தில் பலருக்குத் தெரியாதது இது: சிட்டி ஃபீல்ட், யாங்கீ ஸ்டேடியம் இரண்டிலும் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். சீல் உடைக்காத பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோகலாம். கண்ணாடி, கேன், கெட்டியான கூலர் பெட்டி கூடாது. பை விதி மைதானத்துக்கு மைதானம் மாறும், முதுகுப்பையைத் திருப்பி அனுப்பும் இடங்களும் உண்டு, அதனால் அணியின் தளத்தில் அன்றைய விதியைப் பார்த்துவிட்டு ஒரு துணிப்பை எடுங்கள். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், பொடி தடவிய இட்லி, எல்லாம் தனித்தனி டப்பாவில். இரண்டாவது இன்னிங்ஸில் திறந்தால் பக்கத்து வரிசை திரும்பிப் பார்க்கும், கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துப்போங்கள். உள்ளே வாங்குவதானால் வேர்க்கடலை, அது சைவம், அது மரபும்கூட. ஒரு டாலர் ஹாட் டாக் நாள் என்று சில ஊர்களில் வைப்பார்கள், சைவத்துக்கு உதவாது. பிலடெல்பியாவில் 2023-ல் ரசிகர்கள் அதை வாங்கி ஒருவர் மேல் ஒருவர் வீசி விளையாட, 2024-ல் அணி அந்த வழக்கத்தையே நிறுத்திவிட்டது. மலிவு விலைக்கும் மரியாதை வேண்டாமா?

இவ்வளவும் சொன்னாலும், மாமனாரின் முதல் ஆட்டத்துக்கு நான் சிட்டி ஃபீல்டைச் சொல்ல மாட்டேன். பிரிட்ஜ்வாட்டருக்குக் கூட்டிப்போங்கள். அங்கே சோமர்செட் பேட்ரியட்ஸ், யாங்கீஸின் டபுள்-ஏ அணி, அதாவது பெரிய லீகுக்கு இரண்டு படி கீழே இளம் வீரர்கள் ஆடும் மைனர் லீக் அணி. மைதானத்தை ஒட்டியே ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் எடிசனிலிருந்து ரயிலில் போனால் நியூவர்க் சுற்றி வர வேண்டும், 287-ம் எண் நெடுஞ்சாலையில் காரில் போவதுதான் சுருக்கு. டிக்கெட் பெரிய லீகின் விலையில் ஒரு பகுதிதான், எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் பேட்டரின் முகம் தெரியும், ஆட்டத்துக்கு முன் தடுப்புச் சுவர் ஓரமாகப் பையன்கள் நின்றால் வீரர்கள் பந்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். ஒன்று மட்டும், மைனர் லீகில் வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் விட மாட்டார்கள், அவர்கள் பிழைப்பே அதில்தான். மாமனாருக்கு மருத்துவக் காரணம் இருந்தால் முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள், இல்லையென்றால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மகன் "அது யாங்கீஸ் அணி, நான் வரமாட்டேன்" என்பான். அவனுக்குச் சொல்லுங்கள்: மெட்ஸின் டபுள்-ஏ அணி பிங்ஹாம்டன், அதுவும் இதே ஈஸ்டர்ன் லீகில்தான் ஆடுகிறது. இங்கே ஒரு அணி வந்தால் செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை ஆறு ஆட்டம் ஒரே இடத்தில் ஆடும். அட்டவணையில் பிங்ஹாம்டன் பிரிட்ஜ்வாட்டருக்கு வரும் வாரத்தைப் பிடியுங்கள், இரண்டு வருஷத்தில் சோட்டோவுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவனை அவன் இப்போதே பார்க்கலாம். அங்கே பேட்டரை எடைபோட இன்னொரு எண் வேண்டும், வயது. டபுள்-ஏவில் பெரும்பாலும் 22 முதல் 24 வரைதான். 20 வயதில் அங்கே .260 அடிப்பவன், 27 வயதில் .300 அடிப்பவனை விடப் பெரிய சரக்கு. ஆன்டனி வோல்பே 2022-ல் 21 வயதில் இங்கேதான் ஆடினார், அடுத்த சீசனின் முதல் நாளே யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்). பெரிய லீகில் முதல் வருஷம் அவர் அடித்தது .209, கூடவே 21 ஹோம் ரன், ஃபீல்டிங்குக்காக ஒரு கோல்ட் க்ளவ் விருது. கீழே நன்றாக ஆடியவருக்கும் மேலே போனால் எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதை விட வேறு என்ன வேண்டும்.

மாமனாருக்குக் கையில் ஒரு ஸ்கோர் ஷீட்டும் பென்சிலும் கொடுங்கள், வீட்டிலேயே பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம். கிரிக்கெட் ஸ்கோர் எழுதிப் பழகிய தலைமுறை என்றால் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார். ஃபீல்டர்களுக்கு எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, ஷார்ட்ஸ்டாப் 6, அவுட்ஃபீல்டில் இடமிருந்து 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாவது பேஸ் வழியாக முதல் பேஸுக்கு எறிந்து ஒரே அடியில் இரண்டு அவுட் என்றால் 6-4-3 என்று எழுத வேண்டும். ஸ்ட்ரைக்-அவுட்டுக்கு ஆங்கில எழுத்து கே, பேட்டை வீசாமலே நின்று அவுட் ஆனால் அதே கே-யைத் திருப்பிப் போட வேண்டும். ஒவ்வொரு பேட்டரும் எத்தனை பந்து பார்த்தார் என்று ஓரத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது இன்னிங்ஸுக்குள் யார் பொறுமைசாலி, யார் முதல் பந்துக்கே பாய்கிறவர் என்று அவரே உங்களுக்குச் சொல்லிவிடுவார், அப்புறம் ஆபீஸ்காரருக்கு அவரே பதில் சொல்லட்டும்.

எத்தனை மணிக்கு முடியும் என்று உங்கள் கணவர் கட்டாயம் கேட்பார். 2022-ல் பெரிய லீகில் ஒரு ஆட்டம் சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் போனது. 2023-ல் பிட்சர் பந்து போட நேரக் கெடு வைத்துக் கடிகாரம் வைத்தார்கள், 2 மணி 40 நிமிஷத்துக்கு வந்துவிட்டது. ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பத்துக்கு முன் எழுந்துவிடலாம், சிட்டி ஃபீல்டிலிருந்து பென் ஸ்டேஷன் போய் எடிசன் ரயிலைப் பிடிக்க அது போதும். குழந்தைகள் தூங்கி விழுந்தால் கடைசி வரை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஏழாவது இன்னிங்ஸில் சோட்டோவின் முறை வர இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று மகனைக் கேளுங்கள், அவர் கடைசியாக ஒரு முறை வந்து போனதும் கிளம்பிவிடலாம், கூட்டத்துக்கு முன்னால் ரயிலில் உட்கார இடமும் கிடைக்கும்.